உஸ்தாதும் சேர்ந்து சிரித்த பகிடி

தம்பி,

இதை உன் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லித்தான் அம்மா சொன்னாள். நான் அனுப்பும் எதையும் நீ இப்போது திறப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் செய்த காரியம் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த காரியம். அதற்கு உன் காதுக்குள் மட்டும் மன்னிப்புக் கேட்பது, நடுவீதியில் ஒருவருடைய சட்டையைக் கிழித்துவிட்டு இரகசியமாக ஊசியும் நூலும் அனுப்பிவைப்பது போல இருக்கும். ஆகவே தென் லண்டனில், மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழ்க் கடைகளின் வாசலில், கறிவேப்பிலைப் பெட்டிக்கு அருகே இலவசமாக அடுக்கிவைத்திருக்கும் மாதப் பத்திரிகையில் இதை வெளியிடுகிறேன். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் அந்தப் பெட்டியில்தான் கறிவேப்பிலை எடுக்கிறார்கள். வீடு விற்பவரின் விளம்பரத்துக்கும் சாமத்தியவீட்டுப் பூப்பு விழா அலங்காரக்காரரின் விளம்பரத்துக்கும் இடையில் ஆசிரியர் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். என் புகைப்படம் வேண்டாம் என்று நானே சொன்னேன். அதைக் கேட்டு அவர் எனக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று பயந்துவிட்டார்.

பயந்ததில் நியாயம் இருக்கிறது. உன் அப்பனைத் தெரியாதவர்கள் இந்த லண்டன் மாநகரில் இரண்டே வகைதான்: நேற்றுப் பிறந்தவர்கள், இப்போதுதான் ஹீத்ரோவில் இறங்கிக்கொண்டிருப்பவர்கள். நான் அறிவிக்காமல் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. நான் "வணக்கம்" என்று தொடங்கினால் குரொய்டன் ட்ராம் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்த காலத்தில்கூட, மூன்றாம் இலக்கப் பம்பில் நிற்பவரை ஒலிபெருக்கியில் நான் கூப்பிடும் அழகுக்காகவே சிலர் காரில் எண்ணெய் நிறைய இருக்கும்போதும் வந்தார்கள். சரி, ஒருவர் வந்தார். வழி கேட்க வந்தார். இப்படித்தான் தம்பி, எனக்கு ஒன்று ஆயிரமாகத்தான் வாயிலிருந்து வரும். நீ சின்ன வயதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். நீ சிரித்ததால்தான் நான் இன்னும் அளந்தேன் என்று பழியை உன் மேல் போடவும் ஒரு கணம் யோசித்தேன். போடவில்லை. இந்தக் கடிதத்தில் நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

உன் குருவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், வாசிக்கிற சனத்துக்காக. நான் உன்னை மிருதங்கத்துக்கு விட்டேன். நீ பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி கேட்டுவிட்டு வந்து, தபேலாதான் படிப்பேன் என்று நின்றாய். டூட்டிங்கில் ஒரு சின்ன வீட்டின் பின்னறையில் இருக்கும் லக்னோ நகரத்து முஸ்லிம் பெரியவரிடம் நீயே தேடிப் போய்ச் சேர்ந்தாய். உஸ்தாத் என்று நீ அவரைச் சொல்லும் விதத்திலேயே எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. "அப்பா" என்ற சொல்லை நீ அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவரைப் பார்க்க நான் முதன்முதலாக வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அவர் தன் குருவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் காதுமடலைத் தொட்டுக்கொண்டார். நான் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "சேர், காதுக்குள்ள குத்துதோ? எங்கட ஃபார்மசிக்காரர் அருமையான சொட்டுமருந்து தருவார்" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். நீ நிலத்துக்குள் புகுந்துவிடப் பார்த்தாய். அவர் சிரித்தார். "இதற்கு மருந்தில்லை, ஐயா. அவ்வளவு பெரியவரின் பெயரை இந்த வாய் சொல்கிறதே என்று காதைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறோம். எங்கள் பக்கத்தில் இந்துக் கலைஞரும் செய்வார், முஸ்லிம் கலைஞரும் செய்வார். யாரிடமிருந்து யார் பழகினார்கள் என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டு வளர்ந்த எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நான் சொட்டுமருந்தின் விலையையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அறையில் அரபு எழுத்துச் சட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரஸ்வதி படம் இருந்தது. "இது இந்து மாணவர்களுக்காக வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். ஏதோ கடையில் பண்டிகைக் கழிவுவிலை அட்டையைப் பற்றிக் கேட்பது போல. "எனக்கு முன்னாலிருந்தே அவர் இந்த அறையில் இருக்கிறார், வாடகைக்கு வந்தவன் நான்தான்" என்றார். விடைபெறும்போது கையை நெற்றிப் பக்கம் உயர்த்தி, சற்றுக் குனிந்து, "ஆதாப்" என்றார். அது ஸலாமும் இல்லை, நமஸ்தேயும் இல்லை. மரியாதை என்று மட்டும்தான் அர்த்தம் என்று நீ காரில் சொன்னாய். இரண்டு சமயத்தவரும் எதிரெதிரே வரும்போது, தன் கடவுளின் பெயரை மற்றவர் வாயில் திணிக்காமல் இருப்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் நடுவில் ஒரு வணக்கத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள். கங்கையும் யமுனையும் கலந்த மாதிரி ஒரு வாழ்க்கை என்று அதை அவர்கள் சொல்வார்களாம். அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாழ்ப்பாணத்தில ஆறே இல்லையடா. கிணறுதான். வளவுக்கு வளவு தனிக் கிணறு, சுத்திவர வேலி." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு உனக்கு நூல் கட்டும் நாள் வந்தது. அதுவரை நீ அவரிடம் பாடம் படிக்கும் பிள்ளை. நூல் கட்டிய பிறகு அவருடைய பரம்பரையில் ஒருவன். அவர் உன் மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டி, கடலையும் சர்க்கரைக்கட்டியும் தன் கையாலேயே உன் வாயில் ஊட்டுவார். குரு முஸ்லிமாக இருந்தாலும் மாணவன் இந்துவாக இருந்தாலும் அதுதான் முறை. அவர் தன் வீட்டிலேயே, நாலு பேரோடு அமைதியாகச் செய்யலாம் என்றுதான் சொன்னார். நான் விடுவேனா? கவுன்சில் மண்டபத்தை எடுத்தேன். வாழைமரம் கட்டினேன். எங்கள் இனசனத்தை எல்லாம் கூப்பிட்டேன். குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்கக்கூடாது என்றேன். உஸ்தாத் மறுபேச்சுப் பேசவில்லை. யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, என் விளக்கில் ஒரு திரியை ஏற்றினார். சுடர் அணையாமல் பொத்திப் பிடித்த அந்தக் கையை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

விளக்கு ஏற்றிய பிறகு அவர் உட்கார்ந்து, இறந்துபோன தன் குருமாரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுக்காக ஃபாத்திஹா என்ற குர்ஆன் பிரார்த்தனையை ஓதினார். நீ கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தாய். உன்னோடு படிக்கும் பஞ்சாபிப் பெண்பிள்ளையும் முக்காடு போட்டுக்கொண்டாள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். நான் ஓரமாக நின்று, அடுத்து எப்படிப் பேசுவது என்று மனதுக்குள் அலங்கார வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாரிசிலிருந்து வந்து வட லண்டன் எட்மண்டனில் கடை போட்டிருக்கும் உன் பெரிய மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், பெடியனுக்குத் தலையில துணி போட்டாச்சு. இனி என்ன, பேரும் மாத்துவினமோ?"

"சும்மா இரு மச்சான். இது அவையின்ர முறை."

"முறையோ? நான் படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில போட்டிட்டன். கனடாவில இருந்து அக்கா கேக்கிறா, இது தபேலாவோ மதமாத்தமோ எண்டு. அவவுக்கு நீயே மறுமொழி சொல்லு."

அவர் தன் தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். கேள்விக்குறிகளும் கண்ணை உருட்டும் பொம்மைகளுமாக வந்து விழுந்துகொண்டிருந்தன. தம்பி, எனக்கு அந்த நேரத்தில் வந்தது கோபம் இல்லை. பயம். என்ன பயம் என்று கேட்டால் சொல்லவே கூசுகிறது. ஒரு பத்துப் பன்னிரண்டு சொந்தக்காரர் என்னைப் பற்றி ஒரு பின்னேரம் கதைப்பார்கள் என்ற பயம். போரையும் கப்பலையும் கள்ள விசாவையும் கடந்து வந்ததாக நான் ஊரெல்லாம் அளந்து திரியும் வீரத்தின் எடை, நிறுத்துப் பார்த்தால் அவ்வளவுதான்.

உஸ்தாத் நூலைக் கட்டி முடித்தார். உன் வாயில் சர்க்கரை ஊட்டினார். சபை கைதட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், மென்மையாக்கவில்லை.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ! தலையில துணியைப் போட்டாலும் நெத்தியில விபூதி அழியேல்லை. நாளைக்கு விடியக் கோயிலுக்குக் கொண்டுபோய், தலையில தண்ணி வார்த்து, துடக்குக் கழிச்சுப்போட்டுத்தான் இவரை வீட்டுக்குள்ள எடுப்பன்!"

துடக்கு என்றால் தீட்டு. தீட்டுப் பட்ட பிள்ளையைக் கழுவி எடுப்பேன் என்று, இப்போதுதான் உனக்கு ஊட்டிய மனிதரை இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். மண்டபம் இடிந்து விழுந்தது போல் சிரித்தார்கள். பெரிய மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் பகிடிக்கு அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. நான் குனிந்து அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொண்டேன்.

உஸ்தாதுக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். சபை சந்தோஷமாக இருக்கும்போது தான் மட்டும் முகத்தை இறுக்கி வைத்திருப்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்டவர். சிரித்தபடி உன் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்பா என்ன சொன்னார்?"

நான் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். உன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்தாய். "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றாய்.

அவர் எழுந்தார். என்னை நோக்கித் திரும்பி, கையை நெற்றிக்கு உயர்த்தி, குனிந்து ஆதாப் செய்தார். தட்டில் மிச்சமிருந்த சர்க்கரையில் ஒரு துண்டைத் தன் விரலால் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் வாயைத் திறந்தேன். மாணவனைத் தந்த தகப்பனுக்கும் இனிப்பு என்று அவர் சொன்னதற்குச் சபை மறுபடி கைதட்டியது. நான் அதை மென்று விழுங்கினேன், தம்பி. தீட்டு என்று சொன்ன வாயால் அதை விழுங்கினேன்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது சொன்னாய்: "அப்பா, அவர் எனக்கு நூல் கட்டி அஞ்சு நிமிஷம் ஆகேல்லை. அதுக்குள்ள நான் அவருக்குப் பொய் சொல்லிப்போட்டன். உங்களுக்காகச் சொன்னனான்." நான் என்ன செய்தேன்? "பகிடிதானேடா, பகிடியைப் பகிடியா எடுக்க ஏலாதோ?" என்றேன். அடுத்த நாள் காலையில் சோறு சமைக்கும் குக்கருக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு நூல் கிடந்தது. நீ அதை அறுக்கவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, வட்டமாகச் சுற்றி வைத்திருந்தாய். லூயிஷாமில் உன் நண்பனுடைய ஃபிளாட்டுக்குப் போய்விட்டாய். பொய்யனுக்கு இந்த நூலைப் போட அருகதை இல்லை, இனி வகுப்புக்கும் போகமாட்டேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு ஒரு மைக் கிடைச்சால் பெத்த பிள்ளையையும் வித்துப்போடுவியள்."

நான் வீரமாக ஒரு கிழமை இருந்தேன். பிள்ளைகள் இப்போது தொட்டதற்கெல்லாம் கோபிக்கிறார்கள் என்று பெரிய மாமாவோடு தொலைபேசியில் தத்துவம் பேசினேன். பிறகு உஸ்தாத் எங்கள் வீட்டுக்கு அழைப்பு எடுத்தார். நீ வகுப்புக்கு வரவில்லை, மறுமொழியும் இல்லை, பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று கேட்டார். அன்றைக்கு அவ்வளவு சத்தத்திலும் சனத்திலும் அவனைக் களைக்க வைத்துவிட்டோமோ என்று தன்மேல் பிழையைப் போட்டுக்கொண்டார். அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். மாநகரின் ஒலிவாங்கி மன்னன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நேரில வாறன், சேர்" என்று மட்டும் சொன்னேன்.

போனேன். அவர் வீட்டு வாசலில் முதல் சிக்கல். "நீங்கள் முதலில்" என்று அவர் கையைக் காட்டினார். "இல்லை இல்லை, நீங்கள்" என்றேன் நான். லக்னோக்காரரோடு இந்தப் போட்டியில் மனிதப் பிறவி வெல்ல முடியாது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி, வெளிக்குளிரைச் சூடாக்குகிறீர்களா என்று சத்தம் போட்ட பிறகுதான் இருவரும் ஒன்றாக நுழைந்து நிலையில் இடிபட்டோம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஏதாவது ஒரு பெரிய பொய்யை அளந்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நான் புறப்படும்போது உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது: "அங்க போய் ஒரு சோடினையும் வேண்டாம். சொன்னதைச் சொல்லுங்கோ, எழும்பி வாங்கோ."

சொன்னேன். பகிடியை ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

"தண்ணீர் வார்ப்பது எதற்கு?" என்று கேட்டார்.

"கழுவ, சேர்."

"எதைக் கழுவ?"

நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன். பூவேலை செய்த பழைய கார்ப்பெட். அதில் ஒவ்வொரு பூவாகப் பார்த்தேன். அவர் மரியாதையாகக் காத்திருந்தார். ஏதோ நல்ல சடங்கு, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, தெரிந்துகொள்ளும் ஆசையோடு காத்திருந்தார்.

"உங்களை, சேர்" என்றேன். "உங்கட கை பட்டதை."

தம்பி, உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு இணையான நிபுணன் இப்போது உலகத்தில் இல்லை. ஒரு பகிடியைச் சொல்வதற்கு முன், அது யாரைப் பற்றியதோ அவருடைய முகத்துக்கு நேரே, அவருக்கு விளங்கும் மொழியில், அவர் வீட்டுக் கதிரையில் இருந்து அதைச் சொல்ல முடியுமா என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார். முடியாவிட்டால் அது பகிடி இல்லை. நான் இத்தனை வருடம் எத்தனை மேடையில் ஏறியிருக்கிறேன்! எங்கள் பாஷை விளங்காத எத்தனை பேர் சபையில் இருந்து எங்களோடு சேர்ந்து சிரித்திருப்பார்கள்! எண்ணிப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

உஸ்தாதின் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். அவர் எழுந்து அதை வாங்கி, முதல் கோப்பையை எனக்கு ஊற்றினார். சீனி கேட்டார். கலக்கியும் தந்தார். பிறகுதான் உட்கார்ந்தார். "அன்றைக்கு நான் சிரித்தேனே" என்றார். "என் மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். சந்தோஷமான நாள் என்று வீட்டில் எல்லோரும் இருந்து போட்டுப் பார்த்தோம். என் சிரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று என் மனைவி சொன்னாள்."

நான் சமாளிப்பதாக நினைத்து, எங்கள் ஊரில் துடக்கு என்பது பழைய பழக்கம், பிறந்த வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்கூட உண்டு, அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது என்றேன்.

"பழக்கம் எங்களுக்கும் தெரியும்" என்றார். "எங்கள் வீட்டுக் கலியாணத்தில் இந்து விருந்தாளிகளுக்குத் தனிச் சமையல்காரர், தனிப் பாத்திரம். என் தாயார்தான் நின்று ஏற்பாடு செய்வார். அது சரியென்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆனால் தாயார் விருந்தாளிகளுடைய ஆசாரத்தைக் காப்பாற்றினார், அவர்கள் எங்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள். சபையில் அதை வைத்து யாரும் கைதட்டு வாங்கவில்லை." பிறகு ஒரு கேள்வி கேட்டார். குற்றம் சாட்டக் கேட்கவில்லை, பேச்சுப் போக்கில்தான் கேட்டார். "உங்கள் ஊரில் முஸ்லிம்கள் இருந்தார்களா?"

"இருந்தவை, சேர்" என்றேன். "ஒரு காலத்தில. பிறகு போகச் சொல்லப்பட்டது."

யார் சொன்னார்கள் என்பதை விழுங்கிவிட்டு அப்படிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயுதம் தூக்கிய எங்கள் ஆட்கள்தான் சொன்னார்கள், எங்கள் பெயரால்தான் சொன்னார்கள், ஒரு சனத்தை முழுதாக வீடு வாசலை விட்டு அனுப்பினார்கள், நான் அப்போது இங்கே இருந்தேன், செய்தி கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன் என்று மெல்ல மெல்லச் சொன்னேன். வளவுக்கு வளவு வேலி என்று நான் பெருமையடித்தது நினைவிருக்கிறதா? அதை உன்னிடம் மட்டும்தானே சொன்னேன் என்று அன்றைக்கு ஆறுதல்பட்டேன். அவர் அதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். தீர்ப்புச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் உன் நூலைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன். "சேர், பொய் சொன்னது பிள்ளை இல்லை. நான் செய்ததை மூட அவன் தன்ர வாயைக் குடுத்தவன். நீங்கள் இதைத் திரும்பக் கட்டவேணும்" என்றேன். காலில் விழவும் தயாராகத்தான் இருந்தேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை. நூலைத் தொடவுமில்லை.

"அவன் பொய் சொன்னதை நான் அன்றைக்கே கண்டேன்" என்றார். "என்ன பொய் என்றுதான் தெரியவில்லை. தகப்பனுடைய மானத்துக்காகச் சொல்கிறான் என்று விளங்கியது, அதனால் திருப்பிக் கேட்கவில்லை. அவனோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இதை நீங்கள் கொண்டுவரக் கூடாது. அவிழ்த்தவன்தான் கொண்டுவர வேண்டும்." நான் நூலை எடுத்து மறுபடியும் பையில் வைத்தேன். "அப்ப என்னை மன்னிச்சிட்டீங்களோ, சேர்?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன். என் கோப்பையில் தேநீர் குறைந்திருப்பதைப் பார்த்து நிரப்பினார். "மகன் வந்தால் நூல் கட்டுவேன். நீங்கள் வந்தால் தேநீர் தருவேன். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்" என்றார்.

மரியாதை கிடைத்தால் மன்னிப்பும் கிடைத்துவிட்டது என்று நம்பி வாழ்ந்த ஆள் நான், தம்பி. யாராவது சிரித்து உபசரித்தால் கணக்கு முடிந்தது என்று எழும்பி வந்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நிற்கிறார். தன்னைத் தீட்டு என்று சொன்னவனுக்காக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்த வயதில் எழுந்து நிற்கிறார். "இருங்கோ சேர், இருங்கோ" என்று நான் கெஞ்சினாலும் விடமாட்டார். விருந்தாளி வந்தால் எழுவது அவருடைய முறை; நான் எப்படிப்பட்டவன் என்பதற்காக அவர் தன் முறையை மாற்றத் தயாரில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அதை வைத்து நானும் ஒரு கதை கட்டியிருப்பேன். இதை வைத்து ஒன்றும் கட்ட முடியவில்லை.

இதை எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டுப் பெரிய மாமா அழைப்பு எடுத்தார். "மச்சான், உனக்கென்ன விசரே? ஊர் உலகம் வாசிக்கப் போகுது. எங்கட குடும்பத்தின்ர பேர் என்னாகிறது?" என்றார். "பேர் அண்டைக்கே போயிட்டுது மச்சான். நீ எடுத்த படம் குறூப்பில இருக்குது, அதைப் பாத்து விளங்காட்டி இதை வாசி" என்றேன். வைத்துவிட்டார். கனடா அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் இதை வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: நீங்கள் சிரித்தது உங்கள் பிழை என்று சொல்ல வரவில்லை. சிரிக்க வைத்தவன் நான். ஆனால் உங்களோடு சேர்ந்து ஒருவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தம்பி, நீ என்னோடு கதைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை என்று சொன்னால், என் வாயை அறிந்த நீ நம்பமாட்டாய். நூல் அம்மாவின் அலுமாரியில், உன் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து வந்து எடு. எனக்கும் அவருக்கும் இடையில் உள்ளது தீர்ந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதே. அது என் ஆயுளுக்குள் தீருமோ தெரியாது, தீர்த்துத் தா என்று அவரை நெருக்க எனக்கு உரிமையும் இல்லை. எனக்காக நீ சுமந்த பொய்யை நான் அவரிடம் போய் இறக்கிவைத்துவிட்டேன். உனக்கு வேறு சுமை இல்லை.

போன ஞாயிறு நான் எழும்பும்போது உஸ்தாத் கேட்டார்: "பிள்ளை எப்படி இருக்கிறான்?" வழக்கமான நானாக இருந்தால், உனக்குப் பதவி உயர்வு கிடைத்து, நீ வேலை செய்யும் கவுன்சில் முழுவதும் உன் கைக்குள் இருக்கிறது என்று அளந்திருப்பேன். "தெரியாது, சேர். என்னோட கதைக்கிறேல்லை" என்றேன். அவர் வாசல் வரை வந்து, என் கோட்டை எடுத்துத் தந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "அப்படியென்றால் நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். உஸ்தாத் சுகம் விசாரித்தார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

சொல்லிவிட்டேன்.

அப்பா